மத்கரியின் சூனியக்காரி

எங்கள் இருவருக்கும் சங்கத்தின் ஆண்டு விழா என்றால் தீபாவளிக்கு அடுத்த பண்டிகை என்றே சொல்லலாம். 1971-ஆம் ஆண்டில் கும்பகோணத்திலிருந்து பம்பாய்க்கு வந்து, மாதுங்காவில் ஒற்றை அறையில் குடித்தனம் தொடங்கிய நாள் முதலாக அவ்விழாவை நாங்கள் தவறவிட்டது இரண்டே முறைதான். ஒன்று, எங்கள் மகள் பிறந்த ஆண்டு. மற்றொன்று, விழாவே நடைபெறாமற்போன கொரோனா ஆண்டு. மற்றபடி மழையானாலும் ரயில் நின்றாலும் முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் எங்களைக் காணலாம்.

அவ்விழாவில் சிறுவர் நிகழ்ச்சி எவ்வாறு அமையும் என்பதை அன்பர்கள் யாவரும் அறிவர். முண்டாசு கட்டிய ஐந்து வயதுப் பாரதியார் வருவார். கோலூன்றிய ஔவையார் வருவார். வீரபாண்டியக் கட்டபொம்மன் மூச்சுவிடாமல் வசனம் பேசி, பாதியில் மறந்து, திரைக்குப் பின்னாலிருந்து தாயார் எடுத்துக் கொடுக்க, மீண்டும் தொடங்கி முடிப்பார். அரங்கிலுள்ள பெரியவர்கள் கைதட்டுவார்கள். கைப்பேசிகள் நூறு எழும்பிப் படம் பிடிக்கும். நாங்களும் அரை நூற்றாண்டாகக் கைதட்டி வந்திருக்கிறோம்.

சென்ற ஆண்டு விழாவில் ஔவையார் வேடமிட்டிருந்த சிறுமி ஒருத்தி, தன் முறை வருவதற்குள் ஒப்பனை அறையிலேயே உறங்கிவிட்டாள். தகப்பனார் அவளை எழுப்பி மேடையில் நிறுத்தினார். வெள்ளைப் பஞ்சுக் கூந்தலும் நெற்றி நிறைய விபூதியுமாக நின்ற அக்குழந்தை, விளக்கொளியைக் கண்டு மிரண்டு விம்மி அழுதது. அரங்கம் சிரித்தது, அன்போடுதான் சிரித்தது. எங்களோடு அமர்ந்திருந்த பேத்தி, வயது பதினைந்து, சிரிக்கவில்லை. "தாத்தா, பாட்டி, குழந்தைகள் நடிக்கிறார்கள், நீங்களெல்லாம் பார்க்கிறீர்கள். சரி. குழந்தைகள் பார்ப்பதற்கு இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டாள். எங்களுக்கு விடை தோன்றவில்லை. சற்றுப் பொறுத்து அவளே, "சிஞ்சி மாதிரி ஒன்றுகூட நம்மிடம் இல்லையா?" என்றாள்.

சிஞ்சி என்பவள் யார் என்று செம்பூரிலும் தாராவியிலும் உள்ள இளம் பெற்றோர் பலருக்குத் தெரிந்திருக்கும். அவள் ஒரு சூனியக்காரி. மராத்தியில் சேட்கீண் என்பார்கள். 'அல்பத்யா கல்பத்யா' என்னும் சிறுவர் நாடகத்தில் வந்து, இரண்டு மூன்று தலைமுறைப் பிள்ளைகளை நடுங்கவும் குலுங்கிச் சிரிக்கவும் வைத்தவள். அவளைப் படைத்தவர் ரத்னாகர் மத்கரி. இவரைப் பற்றி இத்தனை காலமாக நம் இதழில் எழுத வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றாமலே போனதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லுவதற்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

1983-ஆம் ஆண்டு, மே மாத விடுமுறை. எங்கள் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அடுத்த வீட்டில் ஒரு மராத்திய அம்மாள் இருந்தார். மகள் அவரை மாவ்ஷி என்று அழைப்பாள். பொங்கலன்று நம் வீட்டுப் பொங்கல் அவர்கள் வீட்டுக்குப் போகும். கணபதி விழாவில் அவர்கள் வீட்டு மோதகம் நம் வீட்டுக்கு வரும். அவ்வளவு நெருக்கம். அந்த அம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம் பிள்ளைகளைத் தாதரிலுள்ள சிவாஜி மந்திர் அரங்கிற்குச் சிறுவர் நாடகம் பார்க்க அழைத்துச் சென்றார். எங்கள் மகளையும் அழைத்தார். நுழைவுச்சீட்டும் வாங்கி வைத்திருந்தார். நாங்கள் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு உண்டு என்று காரணம் சொன்னோம். அது பொய்யன்று, வகுப்பு இருந்தது. ஆனால் உண்மையான காரணமும் அதுவன்று.

நாங்கள் இந்நகருக்கு வந்தபோது, 1960-களின் பிற்பகுதியில் தென்னிந்தியரை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியின் சூடு முற்றிலும் ஆறியிருக்கவில்லை. கடைப் பலகைகள் உடைந்ததைக் கண்ணால் கண்டவர்கள் எங்கள் கட்டடத்திலேயே இருந்தார்கள். தாதர் பக்கம் போனால் உரக்கத் தமிழ் பேசாதே என்று எங்களுக்கு அறிவுரை கூறியவர்களும் உண்டு. ஆகவே மாதுங்காவுக்கு அடுத்த நிலையமான தாதர் எங்கள் மனத்தில் எங்கோ தொலைதூரத்தில் இருந்தது. கடைத்தெருவுக்கும் அலுவலகத்துக்கும் வேண்டிய மராத்தி போதும் என்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டோம். கதையும் பாட்டும் நாடகமும் அந்த எல்லைக்கு அப்பால் இருந்தன. குழந்தை அங்கே போய் மகிழ்ந்துவிட்டால் நம்மை விட்டுப் போய்விடுவாள் என்ற ஒரு பயம். மகள் அன்று மாலை முழுவதும் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாவ்ஷியின் பிள்ளைகள் இருட்டிய பிறகு வந்து, படிக்கட்டிலேயே நாடகத்தை நடித்துக் காட்டினார்கள். அவள் உள்ளே வந்து எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. மகள் செம்பூரில் குடித்தனமானாள். 2018-ஆம் ஆண்டில் 'அல்பத்யா கல்பத்யா' சின்மய் மாண்ட்லேகரின் இயக்கத்தில் மீண்டும் மேடையேறியது. பழைய நாளில் திலீப் பிரபாவள்கர் புகழ்பெறச் செய்த சூனியக்காரி வேடத்தை இம்முறை வைபவ் மாங்லே ஏற்றார். அந்த ஆண்டு ஒரே நாளில் 5 காட்சிகள் நடந்தன என்றால் கூட்டத்தை ஊகித்துக் கொள்ளலாம். எட்டு வயதான பேத்தியை அழைத்துக்கொண்டு போகும்படி மகள் எங்களிடம் நான்கு சீட்டுகளை நீட்டினாள். "நீங்களும் வாருங்கள், இந்தத் தடவை தமிழ் வகுப்பு இல்லை" என்று மட்டும் சொன்னாள்.

திலகர் பாலத்தைக் கடந்து சிவாஜி மந்திருக்கு நாங்கள் முதன்முதலாகப் போனது அன்றுதான். அறுபதுக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட வயதில்! அரங்கம் நிரம்பக் குழந்தைகள். இருக்கையில் அமர்ந்தால் மேடை தெரியாத உயரத்திலுள்ளவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். விளக்கு அணைந்ததும் எழுந்த கூச்சலைப் போல் ஒரு கூச்சலை நாங்கள் எந்தச் சபாவிலும் கேட்டதில்லை. சூனியக்காரி வந்தாள். பக்கத்து இருக்கைச் சிறுவன் தன் தாயின் முந்தானைக்குள் புகுந்துகொண்டான். புகுந்தவன் ஒரு கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு பார்த்தான். சூனியக்காரி திட்டமிடும்போது பிள்ளைகள் எழுந்து நின்று மேடையிலுள்ள நல்லவர்களை எச்சரித்தார்கள். அவள் குழந்தைகளைப் பார்த்துத் திட்டினாள். அவர்கள் திருப்பித் திட்டினார்கள். எங்களுக்கு மராத்தி வசனத்தில் பாதி விளங்கவில்லை. பேத்தி ஒரு சொல்லும் விடாமல் சிரித்தாள். எங்கள் மகள், நாற்பத்து நான்கு வயதுப் பெண், வங்கி அதிகாரி, அவளும் எழுந்து நின்று கத்தினாள். அதைப் பார்த்தபோது எங்கள் இருவருக்கும் 1983-இன் பால்கனிக் கம்பி நினைவுக்கு வந்தது. இடைவேளையில் படாடா வடா தின்றோம். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அதன் பின்னரே மத்கரி யார் என்று அறிந்துகொள்ள முற்பட்டோம்.

அவர் 1938-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் நாள் இந்நகரிலேயே பிறந்தவர். பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றவர். கல்லூரிப் பருவத்திலேயே, 1955-இல், அவருடைய ஓரங்க நாடகம் ஒன்று பம்பாய் வானொலியில் ஒலிபரப்பாயிற்று. படிப்பு முடிந்ததும் பாங்க் ஆப் இந்தியாவில் வேலைக்குச் சேர்ந்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணி செய்தார். 1978-இல் நாற்பது வயதில் அவ்வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுத்துக்கும் மேடைக்கும் தம்மை ஒப்படைத்தார்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். எங்களில் ஒருவர் முப்பத்தாறு ஆண்டுகள் ஒரு வங்கியில் பேரேட்டோடு வாழ்ந்தவர். மாதுங்காவில் அக்காலத்தில் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று வங்கியில் நுழைந்தவர்களுக்குக் கணக்கில்லை. வங்கி வேலை என்பது ஊரிலே தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பதற்கும், தகப்பனார் நிமிர்ந்து நடப்பதற்கும் ஆதாரமாக இருந்த காலம் அது. அந்த வேலையை, ஓய்வு பெறும் வயது வருமுன், நாடகம் எழுதுவதற்காக ஒருவர் விட்டார் என்றால், அதுவும் அவர் எழுதியவற்றில் ஒரு பெரும் பகுதி சூனியக்காரியும் ராட்சதனும் வருகிற நாடகம் என்றால், அன்று எங்கள் வங்கிச் சாப்பாட்டு மேசையில் என்ன பேசியிருப்பார்கள் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். நாங்களும் அதையே பேசியிருப்போம்.

மத்கரிக்கு இருபது வயதிருக்கும்போது, 1959-இல், சுதா கர்மர்கர் என்னும் நடிகையார் 'லிட்டில் தியேட்டர்' என்ற சிறுவர் நாடக அமைப்பைத் தொடங்கினார். அமெரிக்கா சென்று சிறுவர் அரங்கக் கலையைப் பயின்று வந்தவர் அவர். அவ்வமைப்பின் முதல் நாடகமான 'மதுமஞ்சிரி'யை எழுதியவர் மத்கரி. அதற்குப் பின் 1962-இல் அவரே 'பாலநாட்ய' என்ற பெயரில் தம் சொந்த அமைப்பை ஏற்படுத்தி, முப்பது ஆண்டுக்காலம் சிறுவர்க்கான நாடகங்களை எழுதி, இயக்கி, அளித்து வந்தார். ஓவியமும் அவருக்குக் கைவந்த கலை. 'அல்பத்யா கல்பத்யா', 'நிம்மா சிம்மா ராட்சஸ்' என்ற பெயர்களை மராத்திய வீடுகளில் இன்றும் சொன்னால் பாட்டியும் பேரனும் ஒருசேரத் தலைநிமிர்வார்கள்.

இவர்களுடைய அரங்கில் நாங்கள் கண்ட புதுமை இதுதான்: பெரியவர்கள் நடிக்கிறார்கள், குழந்தைகள் பார்க்கிறார்கள். தேர்ந்த நடிகர்கள், பெரியவர் நாடகத்துக்குச் செலுத்துகிற அதே உழைப்பைச் செலுத்தி, மூக்கை நீட்டி ஒட்டவைத்துக்கொண்டு, ஆறு வயதுப் பிள்ளையை நடுங்க வைக்கப் பாடுபடுகிறார்கள். பிற்காலத்தில் பெரும் புகழடைந்த பிரபாவள்கர் இந்த மேடையில் சூனியக்காரியாகத் துள்ளியவர். குழந்தைக்குப் போதும் என்று எதையும் குறைத்துச் செய்யவில்லை.

நம் பழக்கமோ நேர்மாறானது. தமிழ் நாடக வரலாற்றிலே சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்தில் பாலர் சபைகள் பெருகின. பாய்ஸ் கம்பெனி என்று அவற்றை மக்கள் அழைத்தார்கள். டி. கே. எஸ். சகோதரர்கள் போன்ற மாபெரும் கலைஞர்கள் அவற்றில் உருவானவர்களே. அங்கே நடித்தவர்கள் சிறுவர்கள். இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்தவர்கள் பெரியவர்கள். பத்து வயதுப் பாலகன் சோக ரசம் பொழியப் பாடுவான்; கொட்டகையே கண்ணீர் விடும். அந்த மரபின் பெருமையைக் குறைப்பது எங்கள் கருத்தன்று. ஆனால் நம் ஆண்டு விழாவின் ஔவையார், அந்த பாய்ஸ் கம்பெனியின் கடைசிப் பேத்தி என்று எங்களுக்குப் படுகிறது.

தமிழில் குழந்தைகளுக்கென்று வாழ்ந்தவர்கள் இல்லாமலில்லை. அழ. வள்ளியப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் வங்கிக்காரர்தான்; இந்தியன் வங்கியில் பணி செய்துகொண்டே குழந்தைக் கவிஞராக விளங்கியவர். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவியவர். வாண்டுமாமா என்ற பெயரில் எழுதிய கிருஷ்ணமூர்த்தி அவர்கள் மாயாஜாலக் கதைகளாக எழுதிக் குவித்து, 2014-இல் மறைந்தார். எங்கள் மகள் தமிழை எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தொடங்கியது, எங்கள் தமிழ் வகுப்பினால் அன்று, வாண்டுமாமாவினால்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். மேடையிலும் புதுச்சேரியில் வேலு சரவணன் 'கடல் பூதம்' நாடகத்தைக் கொண்டு பள்ளி பள்ளியாகச் சென்று, பிள்ளைகளுக்காகத் தாமே ஆடிப்பாடி நடித்து வருகிறார். எனினும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்க மும்பைத் தமிழ்க் குழந்தைக்கு ஒரு நாடகம் கிடைக்கவில்லையே! 2018-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் மராத்திக்கு மத்கரிக்கும், தமிழுக்குக் கிருங்கை சேதுபதியின் 'சிறகு முளைத்த யானை'க்கும் கிடைத்தது. இரண்டு விருதையும் ஒரே நாளிதழில் படித்திருக்க வேண்டிய நம் வீடுகளில், எத்தனை பேர் அந்த இரண்டு பெயர்களில் ஒன்றையேனும் கவனித்தோம்?

மத்கரி குழந்தைகளுக்கு மட்டும் எழுதியவரல்லர். நள்ளிரவில் படித்தால் விளக்கை அணைக்க மனம் வராத மர்மக் கதைகள் அவருடையவை. 'கேக்டா', அதாவது நண்டு, என்ற தொகுதி பெயர்பெற்றது. பாரதப் போருக்குப் பின் முதியோர் காடேகும் காலத்தை 'ஆரண்யக்' என்ற நாடகமாக்கினார். தலித் மக்கள்மீது இழைக்கப்பட்ட கொடுமையை 'லோககதா 78'-இல் மேடையேற்றினார். 2003-இல் சங்கீத நாடக அகாதெமி விருது வந்தது. எழுபது வயதைத் தாண்டியபின் முதன்முதலாக ஒரு திரைப்படத்தையும் இயக்கினார். அதன் பெயர் 'இன்வெஸ்ட்மென்ட்'. அது 60-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த மராத்திப் படமாகத் தேர்வாயிற்று.

அப்படத்தை நாங்கள் மகள் வீட்டில் பார்த்தோம். தம் மகனின் எதிர்காலத்தையே முதலீடாகக் கருதும் ஒரு பெற்றோர். அவன் ஒரு சிறுமியின் மரணத்துக்குக் காரணமாகிவிடுகிறான். அவனைக் காப்பாற்ற அவர்கள் எதுவும் செய்யத் துணிகிறார்கள். படம் முடிந்ததும் வீட்டில் யாரும் விளக்குப் போட எழவில்லை. வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தவர், கடைசியில் பெற்றோரைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். பிழைக்க வந்த குடும்பங்களாகிய நாம் பிள்ளைகளை எப்படிப் பார்க்கிறோம்? அவர்கள் மதிப்பெண்ணை, ஐ.ஐ.டி.யை, அமெரிக்காவைக் கொண்டு வருவார்கள். விழா மேடையில் தமிழையும் நம் மானத்தையும் காப்பாற்றுவார்கள். அதற்காகத்தானே உறங்குகிற ஔவையை எழுப்பினோம்?

இன்னொரு செய்தியும் உண்டு. மத்கரி பத்தாண்டுகள் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஊதியமின்றித் தெருநாடகம் பயிற்றினார். முதுமையிலும் தாணே நகரத்துக் குடிசைப் பகுதி இளையோரைக் கூட்டி, 'வஞ்சிதாஞ்சா ரங்கமஞ்ச்', அதாவது வாய்ப்பு மறுக்கப்பட்டோரின் அரங்கம், என்ற முயற்சிக்குத் துணை நின்றார். அவர்கள் தங்கள் வாழ்வைத் தாங்களே நாடகமாக்கி நடித்தார்கள். இதைப் படித்தபோது எங்களுக்குத் தாராவி நினைவு வந்தது. மாதுங்காவிலிருந்து தாராவி எவ்வளவு தூரம்? நடந்தே போகலாம். நெல்லைச் சீமையிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்து குடியேறிய மக்கள் அங்கே வாழ்கிறார்கள். நம் பிள்ளைகளைவிட அவர்கள் பிள்ளைகள் தமிழைச் சரளமாகப் பேசுகிறார்கள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறவர்கள் எழுதவும் செய்கிறார்கள். ஆயினும் நம் ஆண்டு விழாவில் பாரதியாராக வருபவர், செம்பூரிலிருந்து காரில் வருகிற, தமிழ் வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்கிற பிள்ளையாகவே பெரும்பாலும் இருந்து வருகிறார். தாராவிப் பிள்ளைகள் பின்வரிசையில் நாற்காலிமேல் ஏறி நின்று பார்க்கிறார்கள். தேர்வுக் குழுவில் இருபது ஆண்டுகள் இருந்தவர்கள் நாங்கள். குற்றம் பிறருடையது என்று சொல்லுவதற்கில்லை.

2020-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் மத்கரி கொரோனா நோயினால் மும்பை மருத்துவமனையில் காலமானார். வயது 81. நகரம் முழுவதும் கதவடைத்துக் கிடந்த காலம். அவர் நாடகம் பார்த்து வளர்ந்த ஆயிரமாயிரம் பேரில் எவரும் வந்து நின்று வழியனுப்ப முடியவில்லை. பேத்திக்கு அப்போது பத்து வயது. தொலைக்காட்சியில் செய்தி கண்டு எங்களைத் தொலைபேசியில் அழைத்தாள். "சிஞ்சியை எழுதின தாத்தா போய்விட்டாராம்" என்றாள். பிறகு, "சிஞ்சி இருப்பாள் இல்லையா?" என்று கேட்டாள். இருப்பாள் என்று சொன்னோம்.

அவள் கேட்ட முதற் கேள்விக்கு, விழாவில் குழந்தைகள் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு, இந்த ஆண்டு ஒரு விடை தேட முனைந்திருக்கிறோம். நிர்வாகக் குழு எங்களுக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கித் தந்திருக்கிறது. நடிப்பவர்கள் அனைவரும் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்கள். பார்ப்பவர்கள் குழந்தைகள், முன் ஐந்து வரிசை அவர்களுக்கு. பெரியவர்கள் பின்னால் அமர வேண்டும். இந்த ஒரு நிபந்தனைக்குத்தான் குழுவில் அதிக எதிர்ப்பு எழுந்தது! கதை, ஏழு கடலுக்கு அப்பால் கிளியின் உடலில் தன் உயிரை ஒளித்துவைத்த அரக்கனைப் பற்றியது. நம் பாட்டிமார் சொன்ன கதைதான். அரக்கனுக்கு ஒரு சூனியக்காரத் தமக்கையைச் சேர்த்திருக்கிறோம். அது மத்கரியிடம் பட்ட கடன். எங்களுள் பெண்பாலார், வயது எழுபத்து நான்கு, அவ்வேடத்தை ஏற்றிருக்கிறார்.

அரக்கனுக்கு ஆள் தேடித் தாராவிக்குப் போனோம். நெல்லை மாவட்டத்திலிருந்து வந்து, தலைச்சுமையாக இட்லி விற்றுக் குடும்பத்தை முன்னுக்குக் கொண்டுவந்த அன்பர் ஒருவர் அகப்பட்டார். நல்ல உயரம், இடி போன்ற குரல். "ஐயா, நான் ராத்திரி எட்டு மணிக்குத் தூங்குற ஆளு. விடியக் காலம் மூணு மணிக்கு மாவு ஏத்தணும்" என்றார். எட்டு மணிக்குள் ஒத்திகையை முடிப்பதாக வாக்குக் கொடுத்தோம். அவருடைய மகள் பதின்மூன்று வயதுப் பெண். தமிழ்ப் பள்ளியில் படிப்பவள். நாங்கள் எழுதிய வசனத்தைப் படித்துப் பார்த்தாள். "அந்தோ, என் உள்ளம் அஞ்சி நடுங்குகின்றதே" என்ற இடத்தில் நிறுத்தி, "பாட்டி, அரக்கனைப் பாத்தா யாரு இப்படிப் பேசுவா?" என்று கேட்டாள். இப்போது வசனத்தைத் திருத்தி எழுதுபவர்கள் அவளும் எங்கள் பேத்தியும்தான். எங்களுக்கு அதில் சில இடங்கள் பிடிக்கவில்லை. சொன்னால் கேட்பார் இல்லை.

சென்ற ஞாயிறு மாலை செம்பூரில் ஒத்திகை நடந்தது. பார்ப்பதற்குப் பதினைந்து இருபது பிள்ளைகளை அழைத்திருந்தோம். செம்பூர்ப் பிள்ளைகளும் தாராவிப் பிள்ளைகளும். சூனியக்காரி பதுங்கிப் பதுங்கி இளவரசனுக்குப் பின்னால் வந்தாள். தாராவிச் சிறுவன் ஒருவன் பொறுக்கமாட்டாமல் எழுந்து, "பின்னால பாரு, பின்னால பாரு!" என்று அலறினான். அதே நேரத்தில், தமிழ் வகுப்பில் வாயே திறக்காத செம்பூர்ச் சிறுமி ஒருத்தி, சென்ற ஆண்டு மேடையில் அழுத அதே ஔவைதான், நாற்காலிமேல் ஏறி நின்று, "மாகே பக! மாகே பக!" என்று மராத்தியில் கத்தினாள். இளவரசனாக நடித்த கணக்காய்வாளர் எந்தப் பக்கம் திரும்புவது என்று அறியாமல் விழித்தார். சூனியக்காரியின் சடை நழுவி மூக்கின்மேல் விழுந்தது. அவள் அதை ஒதுக்கிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். கூச்சல் இரண்டு மடங்காயிற்று. அரக்கன் ஓரமாக நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி எட்டு அடிக்க ஐந்து நிமிடம். "இன்னொரு தடவை அந்த இடத்தை மட்டும் பாத்துட்டுப் போயிரலாம் ஐயா" என்றார்.